சட்டியைக் கழுவியது யார்

கேள்வி கேட்டு உலகத்தில் எந்த மனிதருக்கும் ஒரு சொட்டு இரத்தம் ஊறியதில்லை. இந்த உண்மையை 2003ஆம் ஆண்டு, லுணுகலையில் ஜௌபர் நானாவின் தேநீர்க்கடை வாங்கில் உட்கார்ந்தபடி சுபாஸ் கண்டுபிடித்தான். உயர்தரப் பரீட்சைக்கு மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்ததால் கண்டுபிடிப்புகளுக்கு அவனிடம் நேரம் இருந்தது.

காரணம், தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் முந்தின நாள் நடந்த கூட்டம். மருத்துவ பீடத்திலிருந்து வந்த டாக்டர் சுதர்ஷினி, "டவுன் பிள்ளையளைவிட தோட்டத்துப் பிள்ளையள் ஏன் மெலிஞ்சு பிறக்குதுகள்? அதை நாங்கள் இல்லை, நீங்கள்தான் கண்டுபிடிக்க வேணும்" என்று கொழுந்து பறிக்கும் பெண்களிடம் சொல்லிவிட்டார். அவர்களும் சரி என்றுவிட்டார்கள்.

அச்சடித்து வந்த தாளில் முதல் கேள்வி, 'ஒரு நாளைக்கு எத்தனை வேளை உணவு உண்கிறீர்கள்?' கொழுந்து பறிக்கும் ராசம்மா அதைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னாள்.

"யாரு கேட்டாலும் மூணுன்னுதாங்க சொல்லுவோம். மானம் போயிருமில்ல? நேத்து சட்டியக் கழுவுனது யாரு, கழுவயில அதுல என்ன இருந்துச்சுன்னு கேளுங்க. கடைசியா சாப்பிட்டது யாருன்னு தானா வந்துரும்."

டாக்டர் அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, ராசம்மா சொன்னதையே எழுதிக்கொண்டார். வீடு வீடாகக் கேட்கப் போகையில் கூட வந்து எழுதித் தரும்படி, அங்கே வேடிக்கை பார்த்து நின்ற சுபாஸை ராசம்மா கேட்டாள்.

"நான் கம்பசுக்குப் போறவன்ங்க. சட்டி எண்ணுறவன் இல்ல."

மறுநாள் கடையில் இடுப்பில் கைவைத்து, ராசம்மாவின் குரலில், "சட்டியக் கழுவுனது யாருங்க?" என்று கேட்டுக் காட்டினான். கூட்டாளி கஜேந்திரனுக்குச் சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

ஞாயிறு காலை ராசம்மா தாளும் பேனாவுமாக, தோட்டத்து வரிசை வீடுகளில் சுபாஸின் லயத்துக்கே வந்தாள். வாசலில் அக்கா தயானி இருந்தாள். புருஷனுக்குக் கொழும்புக் கடையில் வேலை. அவளுக்கு ஏழு மாதம். முதல் பிள்ளை ஒன்றரைக் கிலோவில் பிறந்து பதினொரு நாள்தான் இருந்தது. இந்த முறையும் இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். சுபாஸ் உள்ளே பொருளியல் புத்தகத்தோடு படுத்திருந்தான்.

"நேத்து சட்டிய யாரு கழுவுனா?"

"நான்தாங்கக்கா."

"என்ன இருந்துச்சு?"

"சோத்துத் தண்ணி இருந்துச்சு. உப்புப் போட்டுக் குடிச்சேன்."

"முட்டை திங்கச் சொன்னாங்களே, வாங்கலயா?"

"வாங்குனேன்க்கா. தம்பிக்குப் பரீட்சையில்ல?"

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சுபாஸ் நேற்றுத் தின்றது இரண்டு முட்டை. மிளகுத்தூள் போதாது என்று வேறு சொல்லியிருந்தான்.

அதன் பிறகு பொருளியலில் ஒரு பக்கமும் நகரவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான். தண்ணீர் விழும் பீலிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய முகத்தைக் கழுவினான். கடைக்கு நடந்தான். "எங்க, ராசம்மாவக் காட்டு" என்றான் கஜேந்திரன். கை இடுப்புக்குப் போனது, குரல் வரவில்லை. தேநீரை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினான்.

மத்தியானம் சுபாஸ் பரிமாற, அக்காவின் தட்டில் முதலில் சோறு விழுந்தது, அதன்மேல் முட்டையும்.

"என்னடா, காய்ச்சலா?"

"சாப்பிடு."

அப்பா நல்லையா மகனைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார், பருப்பை இழுத்துக்கொண்டார். எல்லோரும் எழுந்தபின் சுபாஸ் சட்டியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனான். அங்கிருந்த பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். அடுத்த லயத்துக்குப் போய்க்கொண்டிருந்த ராசம்மா நின்றாள்.

"அட! அப்ப உங்க வீட்டுக் கணக்க மாத்தணுமே தம்பி."

"மாத்தாதீங்க. நேத்தைக்குத்தானே கேட்டீங்க. நேத்து அதுதான்." சட்டியைக் கவிழ்த்து வைத்து, கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தான். "உங்க எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு. குடுங்க."

ராசம்மா தாளையும் பேனாவையும் கொடுத்தாள்.

அடுத்த லயத்தில் முதல் வீடு கஜேந்திரனுடையது. அவன் அண்ணி கமலாதேவிக்கு ஐந்து மாதம். கதவைத் திறந்தவன் கஜேந்திரன்தான். சுபாஸையும் தாளையும் பார்த்ததும் அவன் வாய் காது வரை விரிந்தது.

"நேத்து சட்டியக் கழுவுனது யாரு?" என்று சுபாஸ் சொந்தக் குரலில் கேட்டான்.

கஜேந்திரன் அடுத்த வேடிக்கைக்காகக் காத்திருந்தான். சுபாஸ் பேனா மூடியைக் கழற்றினான்.

"அண்ணியக் கூப்பிடு" என்றான்.