அறுபத்துநான்கு ஜிபி

படம் உருவாவது மூன்றாவது முறையும் தொண்ணூறு சதவீதத்தில் நின்றது. 'மெமரி போதவில்லை' என்று ஒரு சின்னப் பெட்டி திரை நடுவில் வந்து உட்கார்ந்தது.

கணினியில் அறுபத்துநான்கு ஜிபி மெமரி. அதில் இருபது ஜிபிக்கு மேல் சும்மா கிடப்பதாக அதே திரையின் ஓரம் காட்டியது.

மணி இரண்டு. கட்டப்போகும் நூலகத்துக்குள் நடந்து போவதுபோல் ஒரு நாலு நிமிடப் படம், ஐந்து மணிக்குள் ஆர்க்கிடெக்ட் கைக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. மனைவி இறந்து எட்டு மாதத்தில் அவன் ஒப்புக்கொண்ட முதல் வேலை.

சோபாவில் மைத்துனன். அவளுடைய தம்பி. ஒரு ஞாயிறு தவறாமல் ஸ்க்ரூடிரைவரோடு வந்து, பழுதில்லாத எதையாவது சரிசெய்துவிட்டுப் போகிறவன்.

"மாமா, எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸைப் புதுசா போட்டுரலாமா?"

"போன ஞாயித்துக்கிழமை இதுல என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல."

அவன் திரையிலிருந்து திரும்பி மைத்துனனைப் பார்த்தான்.

"பேஜ் ஃபைலை மட்டும் எடுத்துவிட்டேன். மெமரி பத்தாம போனா ஆகும்னு டிஸ்க்குல கொஞ்சம் இடம் ஒதுக்கி வைக்குமே, அது. இவ்வளவு மெமரி இருக்குறப்ப உங்களுக்கு எதுக்கு மாமா? டிஸ்க்குதான் தேயும். வீடியோவுல ஒரு அண்ணன் சொன்னாரு."

"அந்த அண்ணன் வந்து ஆர்க்கிடெக்ட்கிட்ட பதில் சொல்லுவாரா?"

மைத்துனன் ஸ்க்ரூடிரைவரை உருட்டினான்.

"பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிப்பாங்கல்ல," என்றான் இவன். "எல்லா சாஃப்ட்வேரும் அப்படித்தான். உக்காரப் போறது ரெண்டு பேர், துண்டு விழுறது அஞ்சு சீட்டுல. எல்லா சீட்டுலயும் துண்டு விழுந்துட்டா, பாதி காலியா இருந்தாலும் அடுத்த ஆளுக்கு இடம் கிடையாது. பின்னாடி இன்னொரு பஸ் நிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் கண்டக்டர் தைரியமா ஏத்துவான். நீ அந்த பஸ்ஸை வித்துட்ட."

"அதுல யாருமே ஏறலையே. நான் பார்த்துட்டுதான் எடுத்தேன். காலியாதான் இருந்துச்சு."

"காலியா நிக்கிறதுதான்டா அதோட வேலை." குரல் உயர்ந்துவிட்டது. "உங்க அக்கா கணக்குப் பார்த்து வெச்சது அது."

மைத்துனன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "அக்கா எவ்வளவு வெச்சிருந்தா?" என்றான்.

"முப்பத்திரண்டு."

மைத்துனனே எழுந்து வந்து முப்பத்திரண்டு ஜிபிக்குப் பேஜ் ஃபைலைத் திரும்ப வைத்தான். கணினியை அணைத்து மறுபடி போட்டார்கள். படம் முதலிலிருந்து உருவாக ஆரம்பித்தது. இருவரும் உலை பார்ப்பதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எண்பத்தொன்பது. தொண்ணூறு. மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டான். தொண்ணூற்றொன்று.

நாலு இருபதுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. 'கிடைத்தது' என்று ஒற்றைச் சொல் பதில்.

மைத்துனன் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனான். செருப்பை மாட்டாமல் நின்றான்.

"இனிமே எதையும் தொடல மாமா. அடுத்த வாரம் வரட்டுமா, வேணாமா?"

"வா. சமையலறைக் குழாய் சொட்டுது."

"அதைத்தான் போன மாசமே சரி பண்ணிட்டேனே?"

"அதுக்கப்புறம்தான் சொட்டுது."