காயில் குழியில் தண்ணீர்

கிட்னி கிடைத்துவிட்டது, நாலு மணிக்குள் வராவிட்டால் அடுத்த நோயாளிக்குப் போய்விடும் என்று மருத்துவமனையிலிருந்து போன். தம்பியைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தாள் அக்கா. பாதி வழியில் கார் குலுங்கி, இருமி, நின்று தொலைத்தது. நேரம் பார்த்துத்தான் இந்தச் சனியன்களுக்கு நோவு வரும்!

டாக்சி வர முக்கால் மணி நேரமாகும் என்றது போன். அதற்குள் நாலு தாண்டிவிடும். அக்கா பானட்டைத் திறந்தாள். கார் பட்டறையில் வேலை பார்ப்பவள். இஞ்சின் பளபளவென்றிருந்தது.

"டேய், இதை யாருடா கழுவினது?"

"நான்தான்க்கா. காலையில, பைப்பு வச்சு."

"அடப்பாவி! காயில் மேல பாலிதீன் சுத்தாம தண்ணி காட்டாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!"

பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் ஒன்றைக் கழற்றி உருவினாள். அது உட்காரும் குழிக்குள் தண்ணீர் நின்றது. பிளக்கே முங்கிக் கிடந்தால் பொறி எங்கிருந்து வரும்? துணியைத் திணித்தால் அடிவரை எட்டவில்லை.

தம்பி பையிலிருந்து ஊசியில்லாத பெரிய சிரிஞ்சை நீட்டினான். கிட்னி கெட்டதால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் உத்தரவு; குடிக்கிற தண்ணீரை அதில்தான் அளந்து குடிப்பான். கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் குழாயில் ஒரு துண்டு அறுத்து அதன் முனையில் செருகி, அக்கா ஒவ்வொரு குழியாக உறிஞ்சினாள். மணி மூன்றரை.

"சும்மா கிடக்க வேண்டியதுதானே? தண்ணியோட உனக்கு என்னடா விளையாட்டு?"

"குடிக்கத்தான் முடியல. கொட்டுறதையாவது பாக்கலாம்னு இருந்துச்சுக்கா. கை நனைய நனைய, நிறுத்த மனசே வரல."

அக்கா காயில்களின் ரப்பரைத் துடைத்து, கிரீஸ் தடவி, திரும்ப அழுத்திப் பூட்டினாள்.

சாவியைத் திருப்பினாள். முனகியது. மறுபடி திருப்பினாள். ம்ஹூம். தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூன்றாவது தடவை இஞ்சின் பிடித்தது. போட்டாள் பாரு ஒரு மிதி!

மருத்துவமனை வாசலில் நர்ஸ் சக்கர நாற்காலியோடு நின்றிருந்தாள். நாலடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"அக்கா, என் சிரிஞ்சு?" என்றான் தம்பி, உட்கார்ந்தபடியே.

"இனிமே அது எதுக்குடா? ஆபரேஷன் முடியட்டும், குடம் குடமாக் குடி" என்றாள். அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. "ஆனா பைப்பத் தூக்கிட்டு இஞ்சின் பக்கம் போனே, கையை ஒடச்சுப்புடுவேன்."