சேவல் ஏலமும் பேட்டரிக் கார் பங்கும்

என் வீட்டுக்காரர் ரசலையனுக்கு உலகத்தில் எதைப் புரிந்துகொள்ளவும் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலம் போதும். அங்கே ஒரு சேவலை ஐந்நூறு ரூபாயில் தொடங்குவார்கள். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார், ஆலயத்துக்கே திருப்பிக் கொடுப்பார். மறுபடி ஏலம். அதே சேவல் பலர் கைமாறி, மத்தியானத்துக்குள் ஒரு கன்றுக்குட்டியின் விலையில் போய் நிற்கும். எடுக்க ஆளில்லாமல் ஒரு தேங்காய்கூட அங்கே மிஞ்சியதில்லை. யாருமே கேட்காவிட்டால் கடைசியில் சபைச் செயலாளராவது கை தூக்கிவிடுவார்.

பங்குச்சந்தையும் இதேதான் என்று இவர் முடிவுகட்டியதுதான் எங்களுக்கு வந்த வினை.

மகள் ஜினிஷா நர்சிங் முடித்து, மார்த்தாண்டத்தில் ஜெர்மன் மொழி படித்துப் பரீட்சையும் தேறிவிட்டாள். அவளை ஜெர்மனிக்கு அனுப்புவதற்காகச் சிதறால் பக்கம் ரப்பர் மரங்கள் நின்ற எங்கள் விளையை விற்றோம். ஏஜென்சிக்குப் பணம் கட்டக் கொஞ்ச நாள் தவணை இருந்தது. அதுவரை பணம் பேங்கில் சும்மா கிடக்கிறதே என்று இவருக்கு ஒரே உறுத்தல். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரண்டில் ஓடுகிற கார் என்றதும் தானே கண்டுபிடித்த மாதிரி ஒரு பெருமை வந்துவிட்டது. புதிதாகப் பங்கு வெளியிட்டிருந்த ஒரு சின்ன கார் கம்பெனியில் முழுப் பணத்தையும் கொண்டுபோய்ப் போட்டார். போட்ட பிறகுதான் எனக்கே தெரியும்.

"அந்தக் கம்பெனிக்க கார் ஒண்ணாவது ரோட்டுல ஓடுதா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, ஓடணும்னு இல்ல. ஓடும்னு நாலுபேரு நம்பினா போதும்" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, விலை ஏறத்தான் ஏறியது. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி இதை வாங்கப்போகிறதாம். யூடியூபில் எவனோ சொன்னதை இவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்று, தானே கையெழுத்துப் போட்டு வந்தவர் மாதிரிச் சொல்வார். "மூணு மடங்கு ஆவாம நான் விக்கமாட்டேன்" என்று சவடால் வேறு. கேட்பவர்களில் முதல் ஆள் என் தம்பி பெனிஷ். மார்த்தாண்டம் சந்தையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு லோடு வண்டியில் வாழைக்குலை ஏற்றிப்போகிறவன். பண்டிகை ஏலம் விடுவதும் அவன்தான், அப்படி ஒரு தொண்டை. அத்தான் வாயைத் திறந்தால் இவனுடைய தொண்டை அடைத்துவிடும். அவ்வளவு மரியாதை.

பிறகு ஒரு காலையில் அந்த வெளிநாட்டுக் கம்பெனி, அப்படி ஒரு பேச்சே இல்லை என்று அறிக்கை விட்டது. விலை விழுந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் விழலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறதாம். அந்த வரம்பில் போய் முட்டிக்கொண்டு நின்றது. மறுநாளும் திறந்தவுடனே முட்டிக்கொண்டது. இவர் விற்கப் போட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க ஆளில்ல ஏட்டி" என்றார்.

"ஆளில்லண்ணா?"

"எல்லாரும் விக்க நிக்கான். வாங்க ஒருத்தனும் இல்ல."

விளையும் போயிற்று, பணமும் போகப்போகிறது, பிள்ளை அடுத்த அறையில் பெட்டிக்குச் சாமான் எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். வாங்க ஆளில்லாமல் ஒரு பொருள் இருக்கும் என்பதையே அவரால் நம்ப முடியவில்லை.

"வெளிய யாருட்டயும் பறையாத. நம்ம சபைக்காரனுவளும் கொஞ்சம் வாங்கி வச்சிருக்கான். அவனுவளும் விக்க வந்தா நம்மளுது போவாது" என்றார். அது எனக்கும் சரியென்றுதான் பட்டது.

அன்று மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டே ஜெபித்தேன். கர்த்தாவே, வாங்க ஒரு ஆளை அனுப்பும், யாராக இருந்தாலும் சரி, எனக்க பிள்ளையைக் கைவிட்டுராதேயும்.

வியாழக்கிழமை காலை சந்தை திறந்த கொஞ்ச நேரத்தில் பங்கெல்லாம் விற்றுப்போய்விட்டது. கால்வாசிப் பணம் போனது போனதுதான். ஆனால் ஏஜென்சிக்கு வேண்டியது கையில் இருந்தது. மறுநாள் பணம் கணக்குக்கு வந்தவுடன் கட்டி ரசீது வாங்கிவிட்டோம். நான் அழுதேன், இவர் முழங்காலில் நின்றார். குளச்சல் மீன்காரியிடம் நெய்மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அத்தனை நாளும் சோறு இறங்காத வீடு அது.

அந்த ஞாயிறுதான் அறுப்பின் பண்டிகை. பெனிஷ் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கக்கத்தில் ஒரு செவலைச் சேவலோடு நின்றான். இவருக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை. யார் கேட்டாலும் மேலே கேட்டார். கடைசியில் சேவல் இவருக்கே விழுந்தது. கூட்டம் கை தட்டியது. இவர் கையில் சேவலைக் கொடுத்த கையோடு பெனிஷ் மைக்கை வைத்துவிட்டு, டீ குடிக்க என்னிடம் வந்தான்.

"அக்கா, ஒரு நல்ல காரியம் உண்டும். நானும் அத்தானுக்க கம்பெனியில சேந்தாச்சு" என்றான்.

"எப்பம்லே?"

"வியாழக்கிழமை காலத்த. விலை தாந்து கிடந்துது. எல்லாவனும் பேடிச்சு விக்கான். அத்தான் விக்கமாட்டேன்னு சொன்ன ஆளு, பின்ன நமக்கு என்ன பேடின்னு எடுத்துட்டேன். வண்டிய வித்த பைசா முழுசும் போட்டேன்."

"எந்த வண்டிய?"

"எனக்க லோடு வண்டிதான் அக்கா. வேற எந்த வண்டி கிடக்கு எனக்கு?"

டீ என் கைமேல் சிந்தியது. சுடுகிறது என்று தெரிந்தது, தம்ளரைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. இவர் சேவலோடு எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று முகத்தைப் பார்த்தவுடனே தெரிந்தது.

"யாரு வித்தது யாருக்குப் போச்சுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது ஏட்டி. நாடு முழுக்க ஆளு உண்டும்" என்று என் காதருகே முணுமுணுத்தார். உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் ஆளை அனுப்பும் என்று கேட்டவள் நான். யாராக இருந்தாலும் சரி என்றும் சொல்லியிருந்தேன்.

பெனிஷுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த சுற்று ஏலத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் கையை நீட்டினான்.

"தாங்க அத்தான். எடுத்தா திருப்பிக் கொடுக்கணும் இல்லியா."

இவர் கொடுக்கவில்லை. சேவலை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அது கத்தியது. எனக்கு வந்த ஆத்திரத்தில், அது இவர்மேலா என்மேலா என்றுகூடத் தெரியாமல், நானே சொன்னேன்.

"மக்கா, அத்தான் எல்லாத்தையும் வித்தாச்சு. வியாழக்கிழமையே."

பெனிஷ் முதலில் சிரித்தான், அக்கா விளையாடுகிறாள் என்று. பிறகு என் முகத்தைப் பார்த்தான். அத்தான் முகத்தைப் பார்த்தான். எங்கள் ஏலத்தில் எவரும் எவரிடமும் சாதாரணமாகக் கேட்கிற ஒரு கேள்வியைத்தான் அவன் கேட்டான்.

"வித்துட்டீங்களா? யாருக்கு அத்தான்?"