பெயரில் யோசேஃபா இருந்தால்

மத்தாயோ அண்ணன் நாளைக் காலையில் விமானம் ஏறுகிறான். ஆஸ்திரேலியாவில் ஆறு மாதம் ஆப்பிள் பறிக்கும் வேலை. வீடே தூங்கிவிட்டது. நான் மட்டும் விழித்திருக்கிறேன். அது அவனுடைய இடம் இல்லை. ஐயோபு மாமாவுடைய இடம்.

ஐயோபு யோசேஃபா பக்கத்து வீட்டுக்காரர், என் தோழி ஃபேத்துவின் அப்பா. வருடா வருடம் அதே தோட்டத்துக்குப் போய் வருகிறவர். அவர்மேல் ஒரு புகார் வந்ததில்லை. இந்த முறை அவரைக் கூப்பிடவே இல்லை. ஏன் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தலைநகர் அபியாவில், அந்தத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் ஓர் அலுவலகத்தில் பெலே அத்தை வேலை பார்க்கிறாள். போன சீசனில் லோமி யோசேஃபா என்று ஒருவன் தோட்டத்தை விட்டு ஓடிப்போய்விட்டான். அலுவலக முதலாளிக்குக் கோபம். லோமி குடும்பத்தில் ஒருத்தரும் இனிமேல் போகக் கூடாது, சாயங்காலத்துக்குள் எல்லோரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடு என்று அத்தையிடம் சொல்லிவிட்டார். அத்தை கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி எழுதினாள். பெயரில் யோசேஃபா இருந்தால் தூக்கு. அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு சதவீதக் குறி, பின்னால் ஒன்று. அப்படிப் போட்டால், கூட வேறு என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்று அது பார்க்காது. எல்லோரையும் வாரிக்கொண்டு போகும்.

எங்கள் சமோவாவில் அப்பாவின் பெயர்தான் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் வரும். யோசேஃபா என்று பெயருள்ள அப்பாக்கள் சர்ச்சில் பெஞ்சுக்கு ஒருவர் இருப்பார்கள். அத்தனை பேருடைய பிள்ளைகளும் அந்த ஒரு வரியில் போய்விட்டார்கள். லோமியின் சொந்த அண்ணன் மட்டும் மாட்டவில்லை. அவனுக்கு இப்போது குடும்பத் தலைவர் பட்டம் கிடைத்திருக்கிறது. பட்டத்தைத்தான் பெயராக எழுதுகிறான், அதில் யோசேஃபா இல்லை. நாளை அவனும் அதே விமானத்தில் போகிறான்.

காலியான இடங்களுக்குக் காத்திருந்தவர்களைக் கூப்பிட்டார்கள். என் அண்ணனுக்கு இடம் வந்தது அப்படித்தான்.

பள்ளி விட்டதும் அத்தையோடு பஸ் பிடிக்க அவள் மேசை அருகே உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு நாள் திரையில் அந்த வரியைப் பார்த்தேன். எங்கள் கம்ப்யூட்டர் வகுப்பில் நடத்துகிற பாடம்தான் அது. பார்த்ததுமே புரிந்துவிட்டது. திருத்திவிட்டு முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்றேன். அத்தை எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"சொல்லு. என் வேலை போகும். அப்புறம் உங்கண்ணன் பெட்டியை நீயே பிரிச்சு அடுக்கு. உங்கம்மாகிட்டயும் நீயே போய்ச் சொல்லு, படிப்பாளி."

நான் சொல்லவில்லை.

இன்று மாலை அண்ணனுக்காக வீட்டில் ஜெபம் நடந்தது. ஐயோபு மாமா வந்தார். அண்ணன் தலையில் கை வைத்து எல்லோரையும்விட நீளமாக ஜெபித்தார். எந்த மேஸ்திரி கத்துவான், எந்த அறையில் குளிர் குறைவு என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். தன்னைப் பற்றி மச்சான்தான் ஏதோ போட்டுக்கொடுத்திருக்கிறான் என்று நினைக்கிறார். இப்போது அந்த மச்சானோடு பேச்சே இல்லையாம். ஃபேத்துவின் அம்மா அழுதபடியே இருக்கிறாள், அவளுக்கு அந்த மச்சான் கூடப்பிறந்த தம்பி. கிளம்பும்போது மாமா என்னிடம் வந்தார்.

"லனு, உங்கத்தைகிட்ட ஒரு வார்த்தை கேளும்மா. நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரிஞ்சா மன்னிப்பாவது கேட்டுக்குவேன்."

சரி மாமா என்றேன்.

அதற்குமேல் தாங்கவில்லை. அண்ணன் கொல்லையில் பூட்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான். துளி மண் இருந்தாலும் அங்கே ஏர்போர்ட்டில் பிடித்து நிறுத்திவிடுவார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"வேற யாருக்குத் தெரியும்?"

"அத்தைக்கும் எனக்கும்தான்."

"இப்ப எனக்கும். எதுக்குடி சொன்னே? தெரியாம இருந்தா நிம்மதியாப் போயிருப்பேன்ல."

போகமாட்டேன் என்று சொல்வான் என்று நினைத்தேன். சொல்லிவிடுவானோ என்று பயமாகவும் இருந்தது. அவன் அடுத்த பூட்ஸைக் கையில் எடுத்தான்.

விடிய இன்னும் சில மணி நேரம்தான். ஏர்போர்ட்டுக்கு ஐயோபு மாமாவின் வேனில்தான் போகிறோம். பெட்டியை அவரேதான் தூக்கி வைப்பார். போகிற வழியெல்லாம், அத்தை என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்பார்.