வெர்லீன் போட்ட ஓட்டு

"ரெண்டு பேருக்கும் இருநூத்திப் பன்னண்டு. உன் ஓட்ட யாருக்குடி போட்ட?"

ஆர்லோ கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். நான் பக்கத்து வீட்டுக்காரி. கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். தட்டோடு போனவள் வாசலில் பத்து நிமிடம் நிற்கக் கூடாதென்று எங்கள் நெப்ராஸ்காவில் சட்டம் எதுவும் இல்லை.

"டெல்மருக்கு," என்றாள் அவன் மனைவி வெர்லீன்.

"எதிர்த்து நின்னவனுக்கா?"

"நமக்கு நாமளே போட்டுக்கறது பெருமையடிக்கற மாதிரி இல்ல? அவனும் எனக்குத்தான் போட்டிருப்பான்."

"அவனா? பேனாவுல மை தீர்ற வரைக்கும் தன் கட்டத்தையே கறுப்படிச்சிருப்பான். ஒழுங்கா போட்டிருந்தா ரெண்டு ஓட்டுல நீ ஜெயிச்சிருப்ப. வெளிய சொல்லித் தொலைக்காத."

மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எப்படியென்று என்னைக் கேட்டால்?

ஊர்ப் பள்ளியை நடத்தும் குழுவில் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். வெர்லீன் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி, வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றவள். பதினாறு வயதில் படிப்பை விட்டாள். நாற்பத்தொன்றில், பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் வெறும் பேருந்தில் உட்கார்ந்து படித்துத் தேறினாள். டிராக்டர் கடை வைத்திருக்கும் டெல்மர் பிரச்சாரக் கூட்டத்தில் அதைத்தான் பிடித்துக்கொண்டான்.

"பள்ளிக்கூடத்தையே பாதியில விட்டவங்க, பள்ளிக்கூடத்த நடத்தப் போறாங்களாம்."

"முடிச்சேன் டெல்மர், கொஞ்சம் லேட்டா. நீ சீக்கிரமே முடிச்சிட்டு அப்புறம் புத்தகத்தத் தொட்ட மாதிரி தெரியலையே."

டெல்மருக்கு வேண்டியது கால்பந்து மைதானத்தில் புதிய ஸ்கோர் பலகை. வெர்லீனுக்கு வேண்டியது இரண்டாவது பேருந்து. ஷுல்ட்ஸ் பண்ணையின் ஆறு வயது ட்ரூடி, இருட்டில் ஐந்து ஐம்பதுக்கு ஏறி, ஒன்றரை மணி நேரம் ஊர் சுற்றி வருகிறாள். முதல் வகுப்பில் ஆசிரியை பாடம் நடத்துவது அவளுடைய மூடிய இமைகளுக்குத்தான். தூங்குகிற பிள்ளைக்கு எத்தனை புதுப் புத்தகம் வாங்கினால் என்ன என்பாள் வெர்லீன்.

ஓட்டுச் சமமென்றால் குலுக்கல். வெள்ளிக்கிழமை தேர்தல் அலுவலகத்தில் மூச்சுவிட இடமில்லை. எழுத்தர் மேவிஸ், கணவரின் விதைச்சோளக் கம்பெனித் தொப்பியில் இரண்டு சீட்டுகளைப் போட்டாள். வருகிற பெயருக்குத்தான் இடம்.

"யாராவது ஒருத்தர் எடுங்க."

"நீயே எடு டெல்மர்," என்றாள் வெர்லீன். ஆர்லோ கண்ணை மூடிக்கொண்டான்.

"இல்ல, நீ எடு."

"பரவால்ல, நீ எடு."

எங்கள் ஊரில் இது இருட்டும் வரை ஓடும். டெல்மருக்குத்தான் பொறுமை கிடையாதே. கையை விட்டான், பிரித்தான், முகம் பீட்ரூட்டாகியது. மேவிஸ் எட்டிப் பார்த்து வாசித்தாள்: வெர்லீன். ஆர்லோ போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் ஒன்றும் கத்தவில்லை. மறுநாள் எனக்குத் தொண்டை கட்டியது வேறு காரணத்தால்.

அடுத்த இலையுதிர் காலத்தில் இரண்டாவது பேருந்து வந்தது. அதை ஓட்ட வந்த இளைஞனையே டெல்மரின் மகள் பிரிட்டா கட்டிக்கொண்டாள். டெல்மர் கடையை விற்றுவிட்டு அரிசோனாவுக்குப் போய்விட்டான், வெயிலுக்காகவாம். கேக் தட்டு இன்னும் என்னிடம்தான். ஏழேகாலுக்கு அந்தப் பேருந்து என் சமையலறையைக் கடக்கும்போது விடிந்திருக்கும். கடைசி ஜன்னலில் ட்ரூடி, கண்ணாடியில் ஆவி ஊதி விரலால் ஏதோ எழுதிக்கொண்டு போவாள்.