சௌரிராஜன் ஜாமீன் நின்ற தண்ணீர்

காலையிலிருந்து சௌரிராஜனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"ஏன்னா, தளிகை ஆறிண்டிருக்கு. உக்காரப் போறேளா, இல்ல நடந்துண்டே சாப்பிடப் போறேளா?" என்றாள் குமுதவல்லி.

"வீரமலை போன்ல என்ன கேட்டான் தெரியுமோ? 'வாழையெல்லாம் கருகுது, உங்க பேரை நம்பித்தானே தண்ணி பாய்ச்சினேன்'கறான். நம்ம பேரை!"

ஸ்ரீரங்கத்தில் அந்தப் பேருக்கு மதிப்பு உண்டு. சௌரிராஜன் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர். மகன் ஜகன்னாத் காட்டூரைத் தாண்டிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் நடத்தினான். கிழக்கே எரிவாயுக் கிணறுகளில் பாறையைப் பிளக்க, மணலும் மருந்துகளும் கலந்த நீரைப் பெரும் அழுத்தத்தில் உள்ளே செலுத்துவார்கள். குழாயில் வழுக்கி ஓட ஒரு மருந்து, கிருமியைக் கொல்ல ஒன்று, துருப் பிடிக்காமலிருக்க ஒன்று. திரும்பி வரும் நீர் பூமிக்கடியிலுள்ள உப்பையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டு வரும். அதை டேங்கர் லாரியில் வாங்கிச் சுத்தம் செய்து பக்கத்து வயல்களுக்கு விடுவது ஜகன்னாத்தின் தொழில்.

பாய்ச்சத் தயங்கிய பக்கத்து வயல்காரன் வீரமலையிடம் அந்தத் தண்ணீரை வெயிலில் தூக்கிக் காட்டி, முகர்ந்தும் பார்த்து, "என் பிள்ளை சுத்தம் பண்ணினது. நான் பொறுப்பு" என்று சொன்னவர் சௌரிராஜன்தான். வாயில் விட்டுப் பார்க்கவில்லை. வெளியிடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத ஆசாரம். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

சாப்பிடாமலே கிளம்பினார். பையில் இரண்டு சோதனைக் குழாய்கள், தண்ணீரிலுள்ள உப்பைக் காட்டிக்கொடுக்கும் சில்வர் நைட்ரேட் புட்டி, ஒரு செம்பில் வீட்டுத் தண்ணீர்.

வயலில் வாழை இலைகள் ஓரமெல்லாம் கருகி நின்றன.

"வாங்க ஐயா. தொட்டியத்துலேர்ந்து பார்த்துப் பார்த்து எடுத்தாந்த கன்னுங்க. இஸ்திரிப் பெட்டியை வச்ச மாதிரி இருக்கு பாருங்க" என்றான் வீரமலை.

"ஐயாவை நிழல்ல நிக்கச் சொல்லலாம்னு பார்த்தா, நிழலுக்கு இலை எங்க இருக்கு?" என்றாள் அவன் மனைவி ராசாத்தி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சௌரிராஜனுக்குக் காது சுட்டது.

நிலையத்திலிருந்து ஜகன்னாத் ஓடி வந்தான். "அப்பா, இது வாடல் நோயா இருக்கும். நீங்க ஆத்துக்குப் போங்கோ."

"உப்புச் சோதனை பண்ணி இவா வாயை அடைச்சுட்டுப் போறேன்."

"இங்க வேண்டாம்ப்பா."

அந்தக் குரலை அவர் கவனித்திருக்க வேண்டும். கோபத்தில் கவனிக்கவில்லை. ஒரு குழாயில் வீட்டுத் தண்ணீர், மற்றதில் வயல் குழாயிலிருந்து பிடித்த தண்ணீர். இரண்டிலும் புட்டி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். வீட்டுத் தண்ணீர் லேசாக மங்கியது. மற்றது தயிராகத் திரிந்து அடியில் இறங்கியது.

மண்ணும் எண்ணெயும் போனால் நீர் தெளியும். கரைந்த உப்பு போகாது; அதைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டி வேண்டும். வருஷா வருஷம் வகுப்பில் சொன்னதுதான்.

"சவ்வு வடிகட்டி என்னடா ஆச்சு?" தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அந்த வழுக்கல் மருந்து பிசின் மாதிரி ஒட்டிண்டு அடைச்சுடுத்து. புதுசு வர்ற வரைக்கும் அது இல்லாமலே விட்டேன். பார்க்கத் தெளிவாத்தானே இருந்தது? மெதுவாப் பேசுங்கோ, மானம் போறது."

புட்டி பழசு, மருந்து கெட்டுப்போயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாத்தியார் சொன்னால் நம்புகிற ஜனங்கள். நாக்கு நுனிவரை வந்தது. வீரமலை குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீரமலை, தண்ணில உப்பு இருக்கு. நான் சொன்னது தப்பு. மடையை அடைச்சுடு. நிலத்தைச் சரிபண்ணிக் குடுக்கறது எங்க குடும்பத்தோட கடமை."

யாரும் சிரிக்கவில்லை. நிலையத்து வாசலில் ஹாரன் அலறியது. அடுத்த டேங்கர். சௌரிராஜன் விறுவிறுவென்று நடந்து அதன் முன்னால் போய் நின்றார்.

"பெரியவரே, ஓரமாப் போங்க. லோடு இறக்கணும்" என்றான் டிரைவர்.

"இறக்கப்படாது."

டிரைவர் பின்னால் வந்த ஜகன்னாத்தைப் பார்த்தான். "யாரு சார் இவரு?"

ஜகன்னாத் வயல் பக்கம் திரும்பினான். வயல் வரப்பில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பா" என்றான். "வண்டியைத் திருப்புப்பா."

லாரி பின்வாங்கியது. சௌரிராஜன் நகரவில்லை. "திருப்பிட்டே சரி. இதை எங்கடா கொண்டுபோய்க் கொட்டுவான்? எவன் வாய்க்கால்லயாவது விட்டுட்டுப் போயிடுவானே!"

"ஏத்தின இடத்துக்கே போகட்டும்ப்பா. அப்புறமா கிணத்துக்காராளுக்குப் போன் பண்றேன்."

"இப்பவே பண்ணு. என் எதிர்ல."