வராத நாட்கள்

பலகை எழுதுபவர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் அக்காவும் தம்பியும் நடத்தும் உடற்பயிற்சிக் கூடத்தின் புதிய உறுப்பினர் திட்டம் முடிவாக வேண்டும். தம்பி தாளில் மாதம், மூன்று மாதம், வருடம் என்று எழுதி, முதல் இரண்டையும் அடித்திருந்தான்.

"வருஷம் மட்டும் போதும்க்கா. மொத்தமா கட்டிடுவாங்க. ரெண்டாவது மாசமே பாதிப் பேர் நின்னுடுவாங்க. கூட்டமும் இருக்காது, மெஷினும் தேயாது."

"வராதவங்களை நம்பி நடத்தணும்ங்கறே."

"வர்றவங்களை மட்டும் நம்பினா நாம ரெண்டு பேரும் வேற வேலை தேடணும்."

அதில் பொய் இல்லை. அவன் பழைய வேலையை விட்டுவிட்டு வந்தவன். அக்கா எழுந்து, பெண்களுக்கான காலை வகுப்பு முடிந்து வியர்வை படிந்திருந்த கண்ணாடிகளைத் துடைக்கப் போனாள்.

ஜன்னலுக்கு வெளியே தையல்காரம்மா வந்துகொண்டிருந்தாள். மூன்று மாதத்துக்குச் சேர்ந்தவள். முதுகுவலி குறைகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். கணவர் விழுந்து காலை உடைத்துக்கொண்டதிலிருந்து ஒன்றரை மாதமாக ஆளைக் காணோம். கூடத்துக்கு நேரெதிரே வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு மருந்துக்கடைக்குள் நுழைந்துவிட்டாள்.

அந்தக் குனிந்த தலையை அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

"டேய், அவர் என்னை விட்டுட்டுப் போன வருஷம் ஞாபகம் இருக்கா? பெரிய ஜிம்ல ஒரு வருஷத்துக்குச் சேர்ந்தேன். நாலே நாள்தான் போனேன்."

"சொல்லவே இல்லையே."

"எப்படிச் சொல்றது? அந்தத் தெரு வழியாவே போக முடியல. காய் வாங்கக்கூட சுத்திக்கிட்டுத்தான் போவேன். திரும்பப் போகணும்னு ஆசையா இருக்கும். எந்த முகத்தோட போறது?"

தம்பி பேனாவை மூடினான், திறந்தான். "நீ நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு சுத்திப் போறேன்னு நெனச்சேன். வீட்ல எல்லார்கிட்டயும் பெருமையா வேற சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கரித்தது. இத்தனை வருடம் தனியாகச் சுமந்ததை இவன் ஒரு ஓரத்தில் பெருமையாக வைத்திருந்திருக்கிறான்.

"வர முடியலன்னா அந்த நாளைத் தள்ளி வெச்சுக்கலாம்னு எழுதுவோம்டா."

"வருஷக்கணக்கா இழுப்பாங்க."

"வருஷத்துக்கு மூணு மாசம் வரைக்கும்னு போடு. நம்ம கால்லயும் நாம நிக்கணும்ல."

தம்பி தான் அடித்த இரண்டையும் மறுபடி எழுதினான். கீழே அக்கா சொன்னதையும் சேர்த்தான். "போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வா. இன்னும் எவ்வளவு நேரம்தான் இருமல் மருந்தையே படிச்சுக்கிட்டு நிப்பாங்க?"

அவனும் பார்த்திருக்கிறான்.

சாலையைக் கடந்தாள். தையல்காரம்மா மருந்துப் புட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்குங்க."

"அது முந்தாநாளோட முடிஞ்சுடுச்சேம்மா."

"நீங்க வராம அது எப்படி முடியும்?"

தையல்காரம்மா புட்டியை மெல்ல அலமாரியில் வைத்தாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துச் சுருட்டினாள். சுருட்டச் சுருட்ட அது கையில் அவிழ்ந்துகொண்டே இருந்தது.

"புடவையில வந்திருக்கேனே."

"இன்னிக்குச் சும்மா உட்கார்ந்துட்டுப் போங்க. முதுகை நான் பார்க்கறேன்."